பதினேழாம் எண் வீட்டு மாப்பிள்ளை

தன் மருமகன் நெற்றியில் தார் பூசிவிட்டார்கள் என்று வேலப்பன் ஊரைக் கூட்டியபோது, தார் பூசிய சுவாமிநாத வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் எந்த மனிதர் மேலும் கை வைக்கவில்லை. ஒரு கையில் தார் டப்பா, மறு கையில் நுனியை நசுக்கிய மூங்கில் குச்சி, சட்டைப்பையில் சர்க்கார் உத்தரவு. வருகிற மாசியில் ஜனத்தொகை எடுக்கப்போகிறார்கள், அதற்குள் எல்லா வீட்டுக்கும் நம்பர் போட்டாக வேண்டும். மழை விட்ட ஐப்பசி நாள் ஒன்றில் மூங்கில்பள்ளத்தின் முதல் வீட்டில் தொடங்கி, பதினாறு வாசல் தூண்களில் எழுதிவிட்டு, பதினேழாவது தூணில் எழுதி முடித்திருந்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

"உங்க மருமகன் யாருங்க?" என்று கேட்டார்.

வேலப்பன் தூணைக் காட்டினார்.

வாத்தியார் சிரித்துவிட்டார். பாலசமுத்திரத்துக்காரர், மலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கூடி நின்றவர்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை என்று கண்ட பிறகு அவரும் வாயை மூடிக்கொண்டார். உள்ளே அடுப்படியில் நின்றிருந்த பொன்னுத்தாய்க்கு மட்டும் அந்தச் சிரிப்பு காதில் இனித்தது. பதினாலு வருஷத்தில் அவள் கல்யாணத்தைப் பார்த்துச் சிரித்த முதல் ஆள் அவர்தான்.

பூம்பாறைக்கும் பூண்டிக்கும் நடுவில், வரைபடத்தில் ஒரு புள்ளிகூடப் பெறாத ஊர் மூங்கில்பள்ளம். மதுரை ஜில்லா, கொடைக்கானல் தாலுகா என்று வாத்தியார் எழுதிக்கொண்டார். ஊர்க்காரர்களுக்கு அந்த இரண்டும் இரண்டு தூரத்து ஊர்கள். இங்கே ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பினால் பூண்டு விளையும் படிக்கட்டு நிலமெல்லாம் பங்காளிகளிடம் போய்விடும். போகாமல் இருக்க ஊர் ஒரு வழி வைத்திருந்தது. பெண்ணை அந்த வீட்டுக்கே கட்டிவைத்துவிடுவார்கள். வாசலின் வலது தூணுக்கு மஞ்சள் கயிறு, பெண்ணுக்குத் தாலிக்குப் பதில் கையில் வெள்ளி வளையல். அன்றிலிருந்து அவள் கல்யாணமானவள். இஷ்டப்பட்டால் தங்கள் ஜனத்தில் ஓர் ஆளை வீட்டுக்கு வரவிடலாம், அதை ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், பிறக்கிற பிள்ளைக்கு வீடும் நிலமும். ஒன்றே ஒன்றுதான் கூடாது. வேறொரு கூரையின் கீழ் அவள் ஒரு ராத்திரிகூடப் படுக்கக் கூடாது.

பொன்னுத்தாய்க்குக் கயிறு கட்டியபோது வயது பன்னிரண்டு. அம்மா செத்த வருஷம் அது. புதுப் பாவாடை கிடைத்த சந்தோஷத்தில் தூணைச் சுற்றி மூன்று தரம் ஓடினாள். பன்னிரண்டு வயதுக் கைக்குப் போட்ட வளையல் இப்போது இருபத்தாறு வயதுக் கையில் இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஏறவும் ஏறாது, கையை விட்டுக் கழலவும் கழலாது. சோப்புப் போட்டுப் பார்த்திருக்கிறாள், விளக்கெண்ணெய் தடவிப் பார்த்திருக்கிறாள். பூம்பாறைத் தேருக்கு வருஷாவருஷம் போவாள், தேர் நகர்வதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கிவிடுவாள், இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமே. மேட்டில் ஏறினால் மேகம் இல்லாத நாளில் பழனிமலை தெரியும். ஊரே கீழே இறங்கி அந்த மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தது. அவள் மேட்டிலிருந்தே கும்பிட்டாள். நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு கனம், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரைக்கும்.

பிறகு குருநாதன் வந்தான். பூண்டிக்காரன், மூன்று மட்டக்குதிரை வைத்துப் பூண்டு மூட்டைகளைப் பழனிச் சந்தைக்கு இறக்குகிறவன். வேலப்பன் வீட்டு மூட்டைகளை ஏற்ற இரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தான். அவன் குதிரைகளின் மணிச்சத்தம் கீழ்ப்பாதையில் கேட்டாலே அவளுக்குக் கை வேலை ஓடாது.

"ராத்திரி வந்து வெள்ளனே போற சோலி எனக்கு வேணாம் புள்ள," என்றான் ஒருநாள், மூட்டைக்குக் கயிறு இறுக்கிக்கொண்டே. "ஒனக்குத் தாலி கட்டி எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். அறுத்தவளக் கட்டிக்க எங்க ஆத்தா ஒத்துக்கிருச்சு. ஆனா இன்னொருத்தன் பொண்டாட்டியக் கூட்டியாராதன்னு சொல்லுது."

"இன்னொருத்தனா? அது மரம்."

"ஒனக்கும் எனக்கும் மரம். ஊருக்கு?" அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பங்குனி பொறந்துட்டா அத்தை மகளப் பேசி முடிச்சிருவாக. அதுக்குள்ள எப்படியாச்சும் வெட்டிவிட்டுட்டு வா."

மார்கழியில் பொன்னுத்தாய் நாட்டாண்மை சேனாதிபதியிடம் போனாள். அவளுக்குப் பெரியப்பா முறை, நெருங்கின பங்காளி, வளமான ஆள், பேச்சில் மட்டும் கஞ்சத்தனம் இல்லாதவர்.

"கட்டுனவன் செத்தா அறுத்துக் கட்டிக்கலாம் தாயி. அது நம்ம வழக்கம்தான். எங்க பாட்டன் காலத்துல ஒருத்தி வீட்டுல இடி விழுந்து வாசத்தூணு எரிஞ்சுபோச்சு. அவள அறுத்து வேற எடத்துல கட்டிக்குடுத்தாக. ஒன் மாப்பிள்ளை கல்லு மாதிரியில்ல நிக்கிறாரு!" என்று சிரித்தார். பிறகு, சும்மா போகிற போக்கில், "இல்ல, சர்க்கார் வந்து இவளுக்குக் கல்யாணம் ஆகலைன்னு எழுதட்டும். நான் கும்பிட்டு ஏத்துக்கிறேன்," என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். இவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். சர்க்கார்தான் மாசியில் வரப்போகிறதே, காகிதமும் மைக்கூடும் எடுத்துக்கொண்டு!

அறுபத்தொன்றாம் வருஷம் பிப்ரவரி இருபதாம் தேதி, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டு, சுவாமிநாத வாத்தியார் பதினேழாம் எண் வீட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஆளுக்கு ஒரு சீட்டு. பெயர், வயது, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, கல்யாணம் ஆனவரா ஆகாதவரா, எங்கே பிறந்தவர். வழக்கம்போல வீட்டில் இருக்கிற ஆண்தான் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். வேலப்பன் தன் சீட்டை முடித்துவிட்டு மகளுடையதைத் தொடங்கினார்.

"பேரு பொன்னுத்தாயி. வயசு இருவத்தாறு. கல்யாணம் ஆயிருச்சு."

"புருஷன் எங்க இருக்காருங்க?"

"இந்தா நிக்கிறாருல்ல."

வாத்தியார் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கையிலிருந்த விதிப்புத்தகத்தைப் புரட்டினார். புருஷன் மரமாக இருந்தால் என்ன எழுதுவது என்று அதில் போடவில்லை. கடைசியில் பேனாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தப்பட்டவங்க சொல்றத அப்படியே எழுதணும்னு இருக்கு. அம்மா, நீங்களே சொல்லுங்க. கல்யாணம் ஆயிருச்சா?" என்றார்.

பொன்னுத்தாய் நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். அப்பா தன்னைப் பார்ப்பது தெரிந்தது, அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஆகலைங்க," என்றாள்.

பேனா நகர்ந்தது. எவ்வளவு சின்ன எழுத்து! பதினாலு வருஷத்தை அழிக்க ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை. வேலப்பன் எழுந்து பூண்டு வயலுக்குப் போய்விட்டார். அன்று முழுக்க அவள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். மாட்டிடம் பேசினாள். தூணின் மேல் ஈரத்துணியைக் காயப்போட்டாள், அதுவரை அப்படிச் செய்ததே இல்லை.

மறுநாளே சேனாதிபதியிடம் போய்ச் சொன்னாள். சாயங்காலம் சாவடியில் ஊர் கூடியது. வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"இந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆகலைன்னு நீங்க எழுதுனீகளாமே. நெசமா வாத்தியாரே?"

வாத்தியார் பொன்னுத்தாயைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "யார் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு நான் வெளிய சொல்லக் கூடாதுங்க. சட்டம். சொன்னா என்னத் தண்டிப்பாங்க."

"எங்கிட்ட மட்டும் அந்தச் சீட்டக் காட்டுங்க."

"யாருக்கும் காட்டக் கூடாதுங்க. கோர்ட்டுக்கே காட்டமாட்டாங்க. எல்லாச் சீட்டையும் மூட்டை கட்டி அனுப்பிருவோம். அங்க எத்தனை பேருன்னு கூட்டுவாங்க, அவ்வளவுதான். யாரு என்ன சொன்னான்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"நான் சொல்றேன்ல!" பொன்னுத்தாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் சொன்னேன், அவரு எழுதுனாரு. என் கண்ணால பாத்தேன்!"

"ஒனக்குப் படிக்கத் தெரியுமா தாயி?" என்றார் சேனாதிபதி, ரொம்ப இதமாக.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒருத்தருக்கும் காட்டாத காகிதம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று சொல்லிவிட்டுச் சேனாதிபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாத்தியார் படியிறங்குகையில் அவளைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நான் மறுபடியும் வருவேன். மார்ச் ஒண்ணாம் தேதி சூரியன் உதிக்கிறப்ப யாரு இருக்கா, எப்படி இருக்கான்னு சரிபாக்கணும். அதுக்குள்ள ஏதாவது பிறப்பு, சாவு நடந்திருந்தா திருத்திக்குவோம்."

ஆறுதலுக்குச் சொல்ல அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை. ஆனால் அவள் காதில் அதில் ஒரு வார்த்தைதான் தங்கியது. சாவு.

அந்த ஒரு வாரமும் அவள் தூணைப் பார்த்தபடி இருந்தாள். சோலைக்காட்டு மரம், தாத்தா காலத்தில் நட்டது, முன்பக்கத்து உத்தரத்தின் வலது முனை அதன் தலையில்தான் உட்கார்ந்திருந்தது. இடி விழட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மாசி மாதத்தில் எங்கே இடி விழ? வானம் துடைத்துவிட்டாற்போலக் கிடந்தது. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் கீழ்ப்பாதையில் குருநாதன் குதிரைகள் ஏறிப் போயின. ஒண்ணாம் தேதி காலை மூட்டையோடு இறங்குவேன், அதற்குமேல் இந்தப் பக்கம் எனக்குப் பாரம் இல்லை என்று வேலியோரம் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

மார்ச் முதல் தேதி வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் திருப்புவது வேலப்பன் முறை. கருக்கலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மண்வெட்டியோடு வயலுக்குப் போனார். அவர் இருமல் சத்தம் வளைவு திரும்பி மறையும்வரை காத்திருந்துவிட்டுப் பொன்னுத்தாய் கோடரியை எடுத்தாள்.

முதல் வெட்டு தார் எழுத்துக்கு இரண்டு முழம் கீழே விழுந்தது. மரம் இறுகிப்போயிருந்தது, சில்லுச் சில்லாகத்தான் வந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும், அவளுக்கு ஆங்காரமெல்லாம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. அது என்ன செய்யும்? அதையும்தான் கேட்காமல் கட்டிவைத்தார்கள். வெட்டிக்கொண்டே போனாள். கை கொப்பளித்தது. வளையல் ஒவ்வொரு வெட்டுக்கும் எலும்பில் இடித்தது. விடிந்ததும் வாத்தியார் வருவார், ஊரும் பின்னாலேயே வரும். தூண் செத்துக் கிடக்கும். சேனாதிபதி தன் வாயால் சொன்ன வழக்கம். யாரும் ஒரு சீட்டையும் காட்ட வேண்டியதில்லை, கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஆசாரி வளையலை அறுப்பான். மணிச்சத்தம் கேட்கும்போது கீழே இறங்கிப் போய்விடலாம்.

கிழக்கு வெளுக்கையில் தூண் முறிந்தது. முறிந்த துண்டு சறுக்கி வெளியே விழ, உத்தரம் முனகிக்கொண்டு ஒரு சாண் கீழே இறங்கி நின்றது. கூரைப்புல் சரிந்து முற்றமெல்லாம் கொட்டியது.

அதே நேரம் வயல் பக்கத்திலிருந்து வேலப்பன் ஓடிவந்தார். கோடரிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அவர் மகளைப் பார்க்கவில்லை, தூணையும் பார்க்கவில்லை. நேரே தலையைக் குனிந்து வீட்டுக்குள் நுழைந்தார். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கியது விதைப்பூண்டு. அது போனால் அடுத்த வருஷமே கிடையாது. மலையில் பிறந்தவனுக்கு வீடு எரிந்தாலும் முதல் ஓட்டம் அதற்குத்தான்.

உத்தரம் மறுபடி முனகியது. இன்னும் நான்கு விரற்கடை இறங்கியது.

"அப்பா! வெளிய வாங்கப்பா! வெரசா!"

கூப்பிட்டுக்கொண்டே பொன்னுத்தாய் தோளை உத்தரத்துக்கு அடியில் கொடுத்தாள். குனிந்து நுழைகிற தாழ்ந்த வாசல், உத்தரம் சரியாக அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. மறுமுனையை இடது தூண் தாங்கிக்கொண்டது. கனம் முதுகெலும்பு வழியாகக் கால்வரை இறங்கிற்று. ஒரு பூண்டுக்கட்டு அவள் காலருகே வந்து விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. இளைப்பு மட்டும் கேட்டது, சீழ்க்கை மாதிரி. அப்பா அடுப்பருகே உட்கார்ந்துவிட்டார்.

"வெளிய வாங்கப்பா. எனக்குத் தாங்கல."

"எங்க வரச் சொல்ற?" மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "இது விழுந்தா எனக்கு வெளிய என்ன கெடக்கு? நீ விட்டுரு தாயி. நான் இதோட போறேன்."

கோபத்தில் சொல்லவில்லை, அதுதான் அவளைக் கொன்றது. நிஜமாகவே போகச் சொன்னார். தோளை எடுத்தால் போதும், நாலு எட்டில் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பாதை. அவள் கால் நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று அதற்குப் பிறகு எத்தனையோ நாள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். அப்போது கேட்டுக்கொள்ள நேரமில்லை, உத்தரம் கழுத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

கீழ்ப்பாதையில் மணிச்சத்தம் கேட்டது. மூன்று குதிரை. வேலியோரம் சத்தம் நின்றது. கூப்பிட வாயைத் திறந்தாள். மூச்சை விட்டால் தோள் தளர்ந்துவிடும் என்று பயமாக இருந்தது. மூடிக்கொண்டாள். வேலிக்கு மேலே அவன் தலைப்பாகை மட்டும் தெரிந்தது, அவனுக்கு வாசல் தெரியாது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மணிகள் மறுபடி நடந்து, வளைவில் இறங்கி, ஒவ்வொன்றாக மறைந்தன.

மேட்டுக்குப் பின்னாலிருந்து சூரியன் வந்து அவள் முகத்தில் அடித்தது. அந்த வெயிலோடுதான் சுவாமிநாத வாத்தியார் சீட்டுக்கட்டும், அழிந்த எண்களைத் திருத்தத் தார் டப்பாவுமாக ஏறி வந்தார். ஒரு நொடி திகைத்து நின்றுவிட்டு, எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவரும் தோள் கொடுத்தார். சத்தம் போட்டார். ஊர் ஓடிவந்தது.

சேனாதிபதி வீட்டுப் பின்புறம் அடுக்கி வைத்திருந்த மரத்தில் ஒன்றை நாலு பேர் தூக்கி வந்தார்கள். குழி தோண்டினார்கள். ஆள் கூடிவிட்ட பிறகு வாத்தியார் தோளை எடுத்துக்கொண்டார். அவளை மட்டும், தூண் அவள் நிற்கிற இடத்துக்கு வர வேண்டியிருந்ததால், "இன்னுங் கொஞ்சம் தாங்கிக்க தாயி," என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். கடைசியில் அவளை இழுத்துவிட்டு அந்த இடத்தில் புது மரத்தை நிமிர்த்தி ஆப்படித்தார்கள்.

"அவருதான் செத்துட்டாருல்ல பெரியப்பா," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "நீங்கதான சொன்னீக. அறுத்து விடுங்க."

"அன்னிக்கு அந்த வீடு எரிஞ்சு விழுந்துச்சு தாயி. இந்த வீடு விழலையே." அவர் அவள் கையைப் பிடித்து வளையலைத் திருப்பிப் பார்த்தார். "நீதான விழாம பிடிச்ச."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். வேலப்பனைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து வெயிலில் உட்கார வைத்தார்கள். அவர் மடியில் விதைப்பூண்டுக் கட்டு இருந்தது. மகளைப் பார்த்தார், என்னவோ சொல்ல வந்தார், இருமல் வந்துவிட்டது. புதுத் தூணுக்குக் கட்ட மஞ்சள் கயிறு எடுத்துவர யாரோ உள்ளே போனார்கள்.

வாத்தியார் மண்ணில் சிதறிய சீட்டுகளைப் பொறுக்கித் துடைத்து அடுக்கினார். அவளுடைய சீட்டை மேலே வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"கேட்டாகணும்மா, என் வேலை," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "சூரியன் உதிக்கிறப்ப எப்படியோ அப்படித்தான் எழுதணும். நீங்க அன்னிக்குச் சொன்னது அப்படியே இருக்கு. மாத்தணுமா?"

பொன்னுத்தாய் தோளைப் பிடித்துக்கொண்டு புதுத் தூணைப் பார்த்தாள். மரம் இன்னும் பட்டை உரியாமல் இருந்தது.

"சூரியன் உதிக்கிறப்ப நான் இந்த வீட்டுக்குத் தூணா நின்னேங்க," என்றாள். "அதுக்கு ஒங்க சீட்டுல எடம் இருக்கா?"

வாத்தியார் சீட்டைப் பார்த்தார். பிறகு அதில் எதையும் மாற்றாமல் கட்டின் நடுவில் செருகிவிட்டு, தார் டப்பாவை எடுத்துப் புதுத் தூணில் பதினேழு என்று எழுதினார்.